போகாமலே திரும்பி வந்தவன்

பிப்ரவரிப் புயலில் ஃபெஸ்டி தோர்ன்டன் வீட்டுக் கூரையில் பாதி பிய்த்துக்கொண்டு வந்து என் உருளைக்கிழங்குக் கொல்லையில் விழுந்தது. மீதிப் பாதி எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்காமல் உட்கார்ந்திருந்தது. ஃபெஸ்டி ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, நாலு மூலையிலும் கல்லை வைத்தான். அவனும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அறுபத்தோரு வயதாகிறது. செம்மறி ஆடு வளர்க்கிறான். அயர்லாந்தின் மேற்குக் கரையில், லெட்டர்டூன் மலைச்சரிவில் இருக்கும் அந்த வீட்டில்தான் பிறந்தான். அவன் அப்பாவும் தாத்தாவும் பிறந்தது அங்கேதான். இதை ஊரில் யாரும் மறுத்ததில்லை. மறுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை, அவன் கூரைச் சீரமைப்பு உதவி கேட்டு மாவட்ட மன்றத்துக்கு மனுப் போடும் வரைக்கும்.

மன்றத்திலிருந்து பதில் வந்தது. வேலிச்சுவரில் சாய்ந்துகொண்டு எனக்குப் படித்துக் காட்டினான்.

"மேற்படி சொத்து ஆண்ட்ரூ ட்ரினன் என்பவர் பெயரில் உள்ளது. உரிமையாளரே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் அதை அவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்."

"ஆண்ட்ரூ என் தாத்தாவோட அப்பா. 1919லயே போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு எப்படி வந்து கையெழுத்துப் போடுவாரு?" என்றான்.

"உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷனுக்குக் கையெழுத்துப் போட வராதே," என்று உள்ளேயிருந்து சபினாவின் குரல் வந்தது. சபினா அவன் மனைவி. ஒழுகும் இடங்களுக்குக் கீழே ஏழு வாளிகளை வைத்துவிட்டு எட்டாவது வாளியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு மாற்று வழி இருந்தது. ஃபெஸ்டி தோர்ன்டன் என்பவர் ஆண்ட்ரூ ட்ரினனின் வழித்தோன்றல்தான் என்று மாவட்ட மூதாதையர் உறுதிப்பாட்டு அலுவலகம் சான்று கொடுத்தால் போதும்.

"நல்லதாப் போச்சு கோல்மன். நீ அங்கதானே வேலை பாக்குற?" என்று ஃபெஸ்டி என் தோளைத் தட்டினான்.

நான் அந்த அலுவலகத்தில் பதினாறு வருடமாக ஏடு தூக்குகிறவன். நல்லதாகப் போயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கில்பாரனில் பழைய நீதிமன்றம் இருந்த கட்டடத்தில்தான் எங்கள் அலுவலகம். கோடைக்காலம் முழுவதும் பாஸ்டனிலிருந்தும் பல்லாரட்டிலிருந்தும் புவெனஸ் அயர்ஸிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பஞ்சத்திலும் வாடகை கட்ட முடியாமலும் கப்பலேறினவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்குக் குடும்பப் பெயரின் திரிபுகளைப் பார்த்து, பழைய நில ஏடுகளைப் புரட்டி, "நீங்கள் இந்த மண்ணின் பிள்ளை" என்று பச்சைக் கரை போட்ட சான்றிதழ் கொடுப்போம். பக்கத்து அறையில் வயலின் வாசிப்பவர் தயாராக இருப்பார். சோடா ரொட்டியும் தேநீரும் உண்டு. உள்ளூர்க்காரன் ஒருவன் சான்று கேட்டு வந்தது அதுவரை நடந்ததில்லை. ஃபெஸ்டி முன்வாசல் வழியாக நுழைந்ததும் வயலின்காரர் பழக்கதோஷத்தில் வில்லை எடுத்தார். அப்புறம் ஆளைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

பெயர்த் திரிபுப் பிரிவின் தலைவி செல்வி அட்ராக்டா கில்கானன். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார், ஏற்றிப் பார்ப்பார். ஆளை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"பேரு?"

"ஃபெஸ்டி தோர்ன்டன்."

"அது நீங்க சொல்றது," என்று எழுதிக்கொண்டார். "மூதாதையர் பேரு?"

"ஆண்ட்ரூ ட்ரினன். அது எங்க பழைய பாஷையில முட்புதர்னு அர்த்தம் மேடம். என் தாத்தா மைக்கேல் பள்ளிக்கூடம் போனப்ப வாத்தியாருக்கு அந்தப் பேரு வாயில நுழையல. ஆண்ட்ரூவோட தம்பி பார்ட்லி அதுக்கு முன்னாடியே ஆஸ்திரேலியா போயி, தோர்ன்டன்னு பேரை மாத்திக்கிட்டு அங்கேருந்து கடுதாசி போட்டுக்கிட்டிருந்தாரு. இங்கிலீஷ்ல தோர்ன்னாலும் முள்ளுதான். வாத்தியாரு அதையே பிடிச்சுக்கிட்டாரு."

"கதை நல்லா இருக்கு," என்றார் அட்ராக்டா. "ஆனா எங்க கணக்குப்படி ட்ரினனுக்கு நாற்பத்தோரு திரிபு இருக்கு. ட்ரைனன், ட்ரீனன், ட்ரென்னன், ட்ரினேன், ஸ்கீஹன்... பதினேழாவது திரிபு, எழுதின அதிகாரிக்கு ஜலதோஷம் பிடிச்சிருந்ததால வந்தது. உங்க குடும்பத்துல யாராவது பேரைச் சொல்லும்போது தும்முற வழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

"அப்போ பதினேழை அடிச்சிடலாம். மிச்சம் நாற்பது. அதுல முப்பத்தொன்பது நீங்க இல்லைன்னு நிரூபிச்சிட்டா மிச்சம் இருக்கிறது நீங்கதான்."

"நான் யாருன்னு நிரூபிக்கத்தானே மேடம் வந்தேன்?"

"அது எல்லாரும் செய்யறது. நாங்க முறைப்படி செய்வோம்."

ஃபெஸ்டி வீட்டுக்குப் போய், தகரப் பெட்டியைக் குடைந்து பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, அப்பாவின் ஆட்டு உரிமம் எல்லாவற்றையும் கொண்டுவந்தான். எல்லாவற்றிலும் தோர்ன்டன் என்று இருந்ததால் அவை தோர்ன்டனைப் பற்றியவை என்று ஒதுக்கப்பட்டன. கல்லறைத் தோட்டத்தில் ஒரே கல்லில் ஆண்ட்ரூ ட்ரினன், அவர் மகன் மைக்கேல் தோர்ன்டன் என்று இரண்டு பெயரும் பக்கம் பக்கமாக வெட்டியிருப்பதைச் சொன்னான். அட்ராக்டா முதன்முறையாக நிமிர்ந்தார்.

"கல்லு ஆவணம் ஆகாது. நகல் எடுக்க முடியாத எதையும் நாங்க ஏத்துக்கறதில்ல. வேணும்னா கொண்டுவாங்க, நகல் எடுத்துப் பாக்கலாம்."

அடுத்த நாள் கல்லறைத் தோட்டத்தில் ஃபெஸ்டி அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, கையை அகலவிரித்து அளந்துகொண்டிருந்ததைப் பாதிரியார் பார்த்திருக்கிறார். சபினாவிடம் வந்து, "வீட்ல எல்லாம் நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் முறை வந்தபோது நானே நில ஏட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் விரித்தேன். 1855இல் வரி போடுவதற்காக ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளந்து, யார் கையில் இருக்கிறது என்று எழுதின ஏடு; உரிமைப் பத்திரம் இல்லை. அதற்குப் பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துவிட்டு மேலே புதுப் பெயர் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எந்த வருடத்து மாற்றம் என்று தெரிவதற்காக வெவ்வேறு நிற மை. லெட்டர்டூன், பதினாலாம் எண் நிலம்: ஆண்ட்ரூ ட்ரினன். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்கு மேலே நீல மையில் மைக்கேல் தோர்ன்டன். அதே நிலம், அதே வீடு, அதே கிணறு.

ஃபெஸ்டி விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "கோல்மன், எங்க தாத்தா," என்றான். தன் தாத்தாவின் பெயரை அரசாங்க ஏட்டில் அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அட்ராக்டா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சிவப்பு போயிடுச்சு. நீலம் வந்திருக்கு. வாஸ்தவம். நீலம் சிவப்புக்கு மகன்னு எங்க எழுதியிருக்கு?"

1901ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துவந்தேன். அதில் கணக்கெடுக்க வந்த போலீஸ்காரர் ஆண்ட்ரூவின் குடும்பத்தை வரிசையாக எழுதியிருந்தார், மகன் மைக்கேல் உட்பட. எல்லோருக்கும் ட்ரைனேன் என்று பெயர் போட்டிருந்தார். கீழே குடும்பத் தலைவர் கையெழுத்திடும் இடத்தில் ஆண்ட்ரூ ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"இது என்ன?" என்றார் அட்ராக்டா.

"எழுதத் தெரியாதவங்க போடற குறி மேடம்."

"அது உங்க ஊகம். இது நாற்பத்திரண்டாவது திரிபாவும் இருக்கலாம்."

இதைத் தீர்மானிக்கக் குழு கூடியது. மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நான் பதினொரு தடவை தேநீர் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் மாலை இயக்குநர் டாக்டர் அலோஷியஸ் பிரெண்டர்காஸ்ட் வெளியே வந்து, பெருக்கல் குறி ஒரு முறையான குடும்பப் பெயரே என்று அறிவித்தார். அதன்படி அந்தக் கணக்கெடுப்பில் அந்தக் குறியைப் போட்டிருந்த இருநூற்றுப் பத்தொன்பது பேரும் ஒரே குடும்பம் ஆனார்கள். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்த ஒரு ஜோடிக்கு, நீங்கள் ரத்த உறவு, யோசித்துச் செய்யவும் என்று கடிதம் போயிற்று. பெண்ணின் அம்மா குடையோடு அலுவலகத்துக்கு வந்தார். அன்று மழை இல்லை. அவர் திரும்பிப் போனபின் தீர்மானம் மேலதிக ஆய்வுக்காக ஒத்திவைக்கப்பட்டது. குடை எங்களிடமே தங்கிவிட்டது, இரண்டு துண்டாக.

ஃபெஸ்டிக்கு இதில் ஒரு பலனும் இல்லை. அவன் மெலிந்துபோனான். சந்தையில் யாராவது "ஃபெஸ்டி!" என்று கூப்பிட்டால் உடனே திரும்பாமல் கொஞ்சம் யோசித்தான்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றேன்.

"இல்ல கோல்மன், அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குமோன்னு தோணுது. நான் எங்க அப்பா பையன்தான்னு எங்க அப்பா சொல்லித்தானே எனக்குத் தெரியும்?"

"உங்க அப்பா காதையும் உன் காதையும் பாத்தவனுக்கு வேற சாட்சி வேணாம்," என்றாள் சபினா. "போய் அந்த அஞ்சாம் வாளியக் கொட்டிட்டு வா."

கடைசியில் இயக்குநரையே பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் பிரெண்டர்காஸ்ட் உட்கார்ந்துகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. ஒருவர் வந்தாலும் எழுந்து நின்று, கூட்டத்துக்குப் பேசுவது போலத்தான் பேசுவார்.

"திரு. தோர்ன்டன், அல்லது தாங்கள் யாராக இருப்பினும்," என்று ஆரம்பித்தார். "இந்த அலுவலகம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு தவறைக்கூட நாங்கள் ஒப்புக்கொண்டதில்லை. எங்கள் சட்டத்தில் வழித்தோன்றல் என்பதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது. இந்த மண்ணைவிட்டுப் போனவர்களின் சந்ததி. தாங்கள் போனீர்களா?"

"இல்லீங்க ஐயா."

"தங்கள் தந்தையார்?"

"ஒரு தடவை டப்ளினுக்குப் போனாரு. பிடிக்கலைன்னு மறுநாளே வந்துட்டாரு."

"பார்த்தீர்களா! போகாதவர் எப்படித் திரும்பி வர முடியும்? திரும்பி வராதவரை நாங்கள் எப்படி வரவேற்க முடியும்? வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் நாங்கள் நூற்றுக்கணக்கில் ஆவணம் கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்வி. வயலின் கேட்கும்போது நெஞ்சில் ஏதாவது செய்கிறதா? அந்த ஏக்கம்தான் ஆதாரம். தங்களுக்கு இந்த மண்மீது ஏக்கம் உண்டா?"

ஃபெஸ்டி நேர்மையானவன். யோசித்துப் பார்த்தான். "மண்ணு அங்கேயேதான் ஐயா இருக்கு. தினமும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கூரைமேலதான் கொஞ்சம் ஏக்கம்."

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்து, "லெட்டர்டூன், பதினாலாம் எண் என்றா சொன்னீர்கள்? அந்த வீட்டை நாங்கள் ஏற்கெனவே உறுதி செய்துவிட்டோமே!" என்றார்.

உறுதி செய்தது ஃபெஸ்டிக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் பல்லாரட்டிலிருக்கும் யூனிஸ் தோர்ன்டன் என்ற ஓய்வுபெற்ற செவிலிக்கு. அவர் பார்ட்லியின் கொள்ளுப்பேத்தி. மனுவில் பெயரையும் முகவரியையும் எழுதி, வயலின் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்திருந்தார். இரண்டு வாரத்தில் சான்று தயாராகிவிட்டது. தோர்ன்டனும் ட்ரினனும் ஒன்றுதானா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஒன்றுதான் என்று அட்ராக்டாவே அந்தக் கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

"மேடம், அவங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கும் ஒண்ணுதானே?" என்று ஃபெஸ்டி கேட்டான்.

"அது கடல் கடந்த கோப்பு. உங்களுது கடல் கடக்காத கோப்பு," என்றார் அட்ராக்டா.

மறுவாரம் இயக்குநர் தலைமையில் ஐந்து பேர் லெட்டர்டூனுக்கு வந்தார்கள். அடுப்படியை அளந்தார்கள். சுவரைத் தடவி, "அசல்" என்று சொல்லிக்கொண்டார்கள். வாசலுக்கு மேலே பச்சைப் பலகை ஒன்றை அடித்தார்கள்: 'ட்ரினன் குடும்பத்தின் பூர்வீக இல்லம். உறுதி செய்யப்பட்ட வழித்தோன்றல்: யூனிஸ் தோர்ன்டன், பல்லாரட்.' ஆணி இறங்கும்போது உள்ளே எட்டாவது வாளிக்குப் பக்கத்தில் புதிதாக ஒழுக ஆரம்பித்தது.

"இந்தத் தார்ப்பாய் அசல் இல்லையே," என்று இயக்குநர் மேலே பார்த்துக் கவலைப்பட்டார். "அம்மையார் வரும் அன்று இதை எடுத்துவிட முடியுமா?"

"எடுத்துடலாம்," என்றாள் சபினா. "அன்னைக்கு மழை வராதுன்னு உங்க ஆபீஸ்ல ஒரு சான்று கொடுங்க."

"தாங்கள் யார் அம்மா?"

"நான் இந்த வாளிகளோட சொந்தக்காரி."

இயக்குநர் குறிப்பேட்டில் 'தற்போதைய குடியிருப்பாளர்கள், இருவர், உள்ளூர்' என்று எழுதிக்கொண்டு கிளம்பிப் போனார்.

யூனிஸ் தோர்ன்டன் ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். எழுபத்திரண்டு வயது, கட்டையான உருவம், வெயிலில் வறுத்த முகம், கையில் பிளாஸ்டிக் பை. வேனிலிருந்து இறங்கியதும் வயலின் கிளம்பியது. இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். ஃபெஸ்டியும் சபினாவும் கொட்டகையோரம் ஆடுகளோடு நிற்கவேண்டும் என்றும், கேட்டால் மட்டும் பேசவேண்டும் என்றும் ஏற்பாடு. யூனிஸ் பேச்சு முடிவதற்குள் மூன்று தடவை கால் மாற்றி நின்றார். அப்புறம் நேரே ஃபெஸ்டியிடம் போனார்.

"இவரு யாரு?"

"குடியிருப்பாளர்," என்றார் அட்ராக்டா.

"இவரு காதைப் பாத்தீங்களா?" என்றார் யூனிஸ். தன் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினார். அதே காது. மேல் விளிம்பு கத்தரித்த மாதிரி நேராக, கீழ் மடல் தனியாகத் தொங்கிக்கொண்டு. "எங்க அப்பாவுக்கும் இதே காதுதான். பள்ளிக்கூடத்துல அவரை ஆட்டுக்காதுன்னு கூப்பிடுவாங்களாம்."

"என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க!" என்றான் ஃபெஸ்டி. கூப்பிட்டவன் நான்தான்.

"காது எங்கள் பட்டியலில் இல்லை," என்று இயக்குநர் மெதுவாகச் சொன்னார்.

யாரும் அவரைக் கவனிக்கவில்லை. யூனிஸ் வீட்டுக்குள் போய்விட்டார். அதற்குள் பத்தாகிவிட்ட வாளிகளைப் பார்த்தார். தார்ப்பாய் அசைவதைப் பார்த்தார். சபினா நீட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலேயே ஒரு கத்தியை எடுத்து உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தார். அரைமணியில் முழுக்கதையும் தெரிந்துவிட்டது.

"நான் பாதி உலகம் தாண்டி வந்திருக்கேன். எனக்கு இந்த வீடு. இங்கேயே பொறந்தவருக்கு இல்லையா?" என்றார். "இது எந்த ஊரு நியாயம்?"

"இந்த ஊருதான்," என்றாள் சபினா.

யூனிஸ் நாற்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர். படிவங்களோடு சண்டை போடக்கூடாது, படிவத்துக்குள்ளேயே வழி பார்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் சட்டப் புத்தகத்தைக் கேட்டார். யாரும் அதைக் கேட்டதே இல்லை என்பதால் ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தேன். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் அட்ராக்டாவின் மேசையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"ஒன்பதாவது பிரிவு. உறுதி செய்யப்பட்ட வழித்தோன்றல், கடலுக்கு அப்பால் இருக்கிற தன்னோட சொந்தக்காரங்களை உறுதிப்படுத்தச் சொல்லி மனுக் கொடுக்கலாம். சரியா?"

"சரி மேடம். அமெரிக்காவுல யாராவது இருக்காங்களா?"

"என் சொந்தக்காரர் அயர்லாந்துல இருக்காரு. நான் பல்லாரட்ல இருந்து பாத்தா அது கடலுக்கு அப்பால்தானே?"

அட்ராக்டா கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். கடைசியில் கழற்றியே வைத்துவிட்டார். அன்று மாலை மறுபடியும் குழு கூடியது. மனு செல்லும் என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: சான்று பெறுபவர் கடல்வழியாக வந்து இறங்கவேண்டும். வரவேற்பு நடக்கவேண்டும். வரவேற்பு இல்லாத சான்று செல்லாது.

செப்டம்பர் பதினாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஃபெஸ்டி கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நானும் யூனிஸும் துணையாக, இனிஷ்கோர் தீவுக்குப் படகேறினான். பயணச்சீட்டை இரண்டு தரம் சரிபார்த்துப் பையில் வைத்தான். தீவில் ஒரு தேநீர் குடித்தோம். அவனுக்கு அந்தத் தேநீர் பிடிக்கவில்லை. "எப்படா வீட்டுக்குப் போவோம்னு இருக்கு," என்றான். யூனிஸ் அதை உடனே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "ஏக்கம். நேரம் பத்து நாற்பது. சாட்சி கோல்மன்."

திரும்பும்போது ஃபெஸ்டி படகின் முன்பக்கத்தில் நின்றான். மூடுபனி விலகி, மலைச்சரிவு மெல்லத் தெரிய ஆரம்பித்தது. கல்வேலிகள், அவன் ஆடுகள் வெள்ளைப் புள்ளிகளாக, நடுவில் நீலமாக ஒரு துண்டு. அவன் திடீரென்று தொப்பியைக் கழற்றினான்.

"கோல்மன், அது எங்க வீடா?"

"வேற யாரு வீடு?"

"எத்தனை சின்னதா இருக்கு பாரு," என்றான். கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். கடல் காற்று என்றான். அறுபத்தோரு வருடத்தில் அவன் தன் வீட்டைக் கடலிலிருந்து பார்த்ததே இல்லை. பார்ட்லி கடைசியாகப் பார்த்தது இந்தப் பக்கத்திலிருந்துதான் என்று யூனிஸ் சொன்னார்.

துறையில் வயலின், அக்கார்டியன், பச்சைத் தோரணம். ஊரே வந்திருந்தது. சபினா முன்வரிசையில், வந்திருப்பவர் யாரென்று தெரியாதவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் பிரெண்டர்காஸ்ட் கையை விரித்தார்.

"நூற்றைம்பது ஆண்டுக் காத்திருப்பு இன்று முடிந்தது! தன் முன்னோர் கால் பதித்த மண்ணில் இவர் முதன்முறையாகக் கால் வைக்கிறார். இவர் யார் என்று இவருக்கே எடுத்துச் சொன்ன பெருமை இந்த அலுவலகத்துக்கு உரியது. நாங்கள் இல்லையென்றால் இவர் வெறுமனே இங்கே வாழ்ந்துகொண்டு மட்டுமே இருந்திருப்பார்! ஐயா, இந்த மண்ணை முதலில் கண்டபோது தங்கள் மனதில் தோன்றியதைச் சொல்லவேண்டும்."

ஒலிபெருக்கி ஃபெஸ்டி கைக்கு வந்தது. அதை ஆட்டுக்குட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அந்தா, நீலமா தெரியுதே," என்று கையைக் காட்டினான். ஊரே திரும்பிப் பார்த்தது. "அதுதான் தோணுச்சு. பிப்ரவரியிலேருந்து ஒழுகுது. எங்க பாட்டன்மாரு சேர்த்து வச்ச கல்லு நனைஞ்சுக்கிட்டே இருக்கு. யாருகிட்டயாவது நீள ஏணி இருக்கா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "எங்கிட்ட இருக்கு!" என்றது. "எனக்குத் தெரியவே தெரியாதேடா, ஏன் முன்னாடியே கேக்கல?" என்றது இன்னொரு குரல். மன்றத்தின் உதவியும் சான்றிதழைக் காட்டியதும் வந்து சேர்ந்தது, நவம்பரில். ஆனால் அக்டோபர் முதல் சனிக்கிழமையே பதினேழு பேர் கூரைமேல் இருந்தார்கள். குடை கொண்டுவந்த அம்மாளின் மாப்பிள்ளையும் அதில் ஒருவர். யூனிஸ் கீழே நின்று ஓடு எண்ணி மேலே அனுப்பினார். பத்து வாளிகளும் கொட்டகைக்குப் போயின. யூனிஸ் ஊருக்குக் கிளம்பும்போது சபினாவைக் கட்டிக்கொண்டு, பச்சைப் பலகையில் தன் பெயருக்குக் கீழே ஃபெஸ்டி, சபினா என்ற இரண்டு பெயரையும் பேனாவால் எழுதிவிட்டுப் போனார்.

டிசம்பரில் எங்கள் அலுவலகத்திலிருந்து ஃபெஸ்டிக்கு ஒரு கடிதம் போயிற்று. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கதவோரத்தில் நின்றுகொண்டேன்.

ஃபெஸ்டி வாசித்தான். தங்கள் கோப்பைப் பரிசீலித்ததில், தாங்கள் இந்த ஆண்டு செப்டம்பர் பதினாலாம் தேதிதான் இம்மண்ணுக்குத் திரும்பியதாகப் பதிவாகியுள்ளது. ஆனால் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் லெட்டர்டூன் தேவாலயத்தில் தங்களுக்கும் சபினா என்பவருக்கும் திருமணம் நடந்ததாக இன்னொரு பதிவு சொல்கிறது. அப்போது தாங்கள் கடலுக்கு அப்பால் இருந்தபடியால் மணமகன் யார் என்பதைத் தெளிவுபடுத்தவும். இப்படிக்கு, அட்ராக்டா கில்கானன்.

சபினா கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

"அப்போ முப்பத்தேழு வருஷமா நான் யாருக்குச் சமைச்சுப் போட்டேன்?" என்றாள் சபினா.

"நான் போய்ப் பேசிட்டு வரேன்," என்று ஃபெஸ்டி தொப்பியைத் தேடினான். "குழு கூடச் சொல்றேன். யூனிஸுக்கு எழுதறேன். அவங்க ஏதாவது பிரிவு..."

"உக்காரு."

உட்கார்ந்தான். சபினா கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் ஒரு தடவை படித்தாள். மடித்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை, சந்தையில் ஆடு வாங்கப் போனவள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீ ஊருக்குப் புதுசு. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அவங்க சொல்றபடி அப்படித்தானே?"

"அப்படித்தான்... போல."

"அப்போ முறையாக் கேளு. கேட்டுப் பாரு. நான் யோசிச்சுச் சொல்றேன்."

ஃபெஸ்டி என்னைப் பார்த்தான். நான் புதுக் கூரையைப் பார்த்தேன். அவன் எழுந்து, கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் தடவை கேட்டபோது திக்கினது போலவே திக்கித் திக்கிக் கேட்டான். சபினா கெட்டிலை இறக்கினாள், எனக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள், அவனுக்கு ஊற்றவில்லை.

மூன்று நாள் யோசித்தாள். அந்த மூன்று நாளும் ஃபெஸ்டி தினமும் முகம் சவரம் செய்தான், ஆடுகளிடம்கூடப் பணிவாகப் பேசினான். நான்காம் நாள் காலை, துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "சரி," என்றாள்.

அலுவலகத்துக்கு இதை யாரும் தெரிவிக்கவில்லை.